நிறம் ஏறாத ஸ்லைடு

ஆய்வுக்கூடத்தில் அவளைக் ‘கத்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைவேலையைப் பார்த்து வைத்த பெயரா, வாயைப் பார்த்து வைத்த பெயரா என்று அவளும் கேட்டதில்லை. மெழுகில் பதித்த சதைத்துணுக்கை இயந்திரக் கத்தியில் கொடுத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவது அவள் வேலை. சீவிய நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடுவாள். அது சுருக்கம் நீங்கி மெல்ல மெல்ல விரியும்போது, பக்கத்தில் இடி விழுந்தாலும் அவள் காதில் விழாது.

அன்று மிதந்தது அவள் அண்ணனின் மூத்திரப்பையில் சுரண்டி எடுத்த துணுக்கு.

அண்ணன் சாயப்பட்டறைக்காரர். ஒன்றுக்குச் சிவப்பாகப் போனதும் ‘பீட்ரூட் தின்னேன்’ என்று மழுப்பினார். “இந்த வீட்டுல பீட்ரூட்டைக் கண்ணால பார்த்து எத்தனை மாசமாச்சு? யாரு வீட்டுல போய்த் தின்னீங்க?” என்று அண்ணிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். கட்டியைச் சுரண்டினார்கள், மறுபடி முளைத்தது. பையையே எடுத்துவிடலாமா, பைக்குள் மருந்து விட்டுக் கொஞ்சம் பொறுக்கலாமா என்று அறுவை டாக்டருக்கே இரண்டு மனசு. அதனால் ஒரு புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். செல்லின் சுவரில் உட்கார்ந்துகொண்டு வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே கடத்துகிற புரதம் அது. ‘வளரு, பெருகு’ என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். அது நிறைய இருந்தால் கட்டி ஆழத்துக்கு இறங்கும் ஆபத்தும் கூடுதல் என்பது அவர் கணிப்பு. இருந்தால் பழுப்பு, இல்லாவிட்டால் வெறும் நீலம். அதை மட்டும் வைத்து அவர் முடிவு எடுக்கப் போவதில்லை.

ஆனால் அண்ணன் எடுத்துவிட்டார். “நீலம்னா பை எங்கிட்டயே இருக்கட்டும். பழுப்புன்னா வெட்டிக்கட்டும். நீயே பார்த்துச் சொல்லு தங்கச்சி.”

மருந்தில் ஊறி இறுகிய சதையைக் குக்கரில் வேகவைத்தால்தான் புரதம் முகம் காட்டும், சாயமும் பிடிக்கும். வீட்டுக் குக்கர் மாதிரியேதான் அதுவும். சீவலை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளை உள்ளே வைத்து மூடிவிட்டு, அவள் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய் நின்றாள். சின்ன வயதில் அண்ணன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியது நினைவில் மிதந்தது, மெல்ல விரிந்தது.

சாயம் போட்டு முடித்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். நீலம். விடியுமுன் வானம் இருக்குமே, அந்த நீலம். ஓடிப்போய்ப் போன் போட்டாள்.

“அண்ணே, நீலம்!”

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு, பட்டறைக்கே கேட்டிருக்கும்.

ஸ்லைடு பார்க்கும் டாக்டரம்மா மெதுவாகக் கூப்பிட்டாள். “கத்தி, ஓரத்துத் துண்டைப் பார்த்தியா?”

ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும், பழுப்பு ஏறியே தீரவேண்டிய வேறொரு சதையை ஒட்டுவார்கள். சாயம் வேலை செய்ததா என்று தெரிவதற்கு. அதுவும் நீலமாகக் கிடந்தது.

“குக்கரா?”

“கேஸ்கெட் இளகிடுச்சு மேடம். பக்கத்துல நின்னிருந்தா ஆவி கசியறது தெரிஞ்சிருக்கும். குக்கர் பாதி, நான் பாதி.”

“திரும்பப் போடு. அழுதுக்கிட்டுப் போடாதே.”

மறுநாள் புது கேஸ்கெட் மாட்டி, அடுப்பை விட்டு நகராமல் நின்றாள். ஓரத்துத் துண்டில் பழுப்பு. அண்ணன் துண்டிலும் பழுப்பு, செல்லுக்குச் செல் கோடு கிழித்த மாதிரி.

போனில் சொல்லக் கூசியது. சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போனாள். அண்ணன் சட்டையெல்லாம் தேய்த்துப் பக்கத்தில் அடுக்கி, பிழைத்து எழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சொன்னாள்.

“நேத்து நீலம், இன்னைக்குப் பழுப்பா? நீ ஸ்லைடு பார்க்கிறியா, ஜவுளிக்கடையில நிக்கிறியா?” அண்ணி பாய்ந்தாள்.

“திட்டுங்க அண்ணி. தப்பு என்னோடதுதான்.”

அண்ணன் கெஞ்சினார். “நேத்து சொன்னதே இருக்கட்டுமே.”

“இருக்கட்டும்னா இருக்காதுண்ணே. நேத்து நான் பார்த்தது என் ஆசையை.”

ஜன்னலுக்கு வெளியே மாடி வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது.

“எப்படி இருக்கும் அந்தப் பழுப்பு?” என்றார் அண்ணன்.

“இருட்டுற நேரத்துல உசரத்துலேர்ந்து ஊரைப் பார்க்கிற மாதிரி. தெருத்தெருவா விளக்கு.”

“அழகா இருக்குமோ?”

“இருந்துச்சுண்ணே. அதான் எனக்கு ஆத்திரமா வந்துச்சு.”

அவர் தேய்த்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“டாக்டர்கிட்ட என்னைக்குன்னு கேளு” என்றார் கடைசியில்.

அண்ணி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள்.