மணித்தோடு

மட்டாஞ்சேரியில், பழைய கிடங்குகளுக்குப் பின்னால் காயலை நோக்கி ஊரும் ஒரு சின்ன ஓடையின் கரையில் நிற்கிறேன். நான் போக வேண்டிய வீடு அக்கரையில் இருக்கிறது. பாலம் என்று கிடப்பது ஒற்றைத் தென்னந்தடி, அதுவும் மழையில் ஊறிப் பாசி பிடித்தது. கைப்பேசி வரைபடத்தில் ஓடை நீலக் கோடாக ஓடுகிறது, பெயர் இல்லை.

கரையோரச் சாயாக்கடைக்காரரிடம் அரைகுறை மலையாளத்தில் அதன் பெயர் கேட்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறுகிறார். பாலக்காட்டுக்காரராம்.

"மணித்தோடு. இங்க ஓடைக்குத் தோடுன்னுதான் சொல்லுவாங்க."

"மணி யாரு? பெரிய ஆளா?"

"நான்தான்" என்கிறார், டம்ளரைக் கழுவிக்கொண்டே. "கடைசியா இதுல விழுந்தவன் பேருதான் தோட்டுக்கு. எனக்கு முன்னால வர்கீஸ் தோடு. நான் விழுந்தப்புறம் நாலு வருஷமா ஒருத்தனும் விழல. இப்ப மகளோட கல்யாணப் பத்திரிகையில விலாசம் போடணும். அதுலயும் மணித்தோடா?"

பெஞ்சில் இருக்கும் மூன்று பேரும் வருத்தத்தோடு தலையாட்டுகிறார்கள்.

"வேற வழி இல்லையா?"

"ரோட்டுப் பாலம் உண்டு. ரொம்ப சுத்து. சாரு இதுலயே போலாம், ஒண்ணும் ஆகாது கேட்டோ."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தடியில் கால் வைக்கிறேன். பின்னால் பெஞ்சு காலியாகும் சத்தம் கேட்கிறது. பாதித் தூரத்தில் என் கால் லேசாக வழுக்குகிறது.

கரையிலிருந்து மணி மிகுந்த பரிவோடு குரல் கொடுக்கிறார்.

"சாரே, பேரு என்னன்னு சொல்லவே இல்லையே?"