டி டிரைவில் போட்டால் போகாது

மசூதுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடமாகத் தென்காசி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார். இத்தனை வருடத்தில் ஒருத்தருடைய ஃபைலைக்கூட அவர் தொலைத்ததில்லை. கேட்டாலும் இதைச் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். மனுஷனுக்கு ஒரு பெருமை வேண்டாமா? அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அரபு நாட்டுத் தம்மாமில் கேபிள் இழுக்கும் வேலைக்குப் போய், அங்கேயே கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டப் பழகித் திரும்பியவர். கடை வைக்கவில்லை. ஒரு தோள்பை, அதில் நாலு ஸ்க்ரூடிரைவர், ஒரு சிடி உறை, தூசி தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ். அவ்வளவுதான் சாமான். புளியறை லாரி ஆபீஸ் முதல் பண்பொழி ஸ்டுடியோ வரைக்கும் ஸ்கூட்டரிலேயே போய் வேலையை முடிப்பார். கிளம்பும்போது எல்லாரிடமும் ஒரே பாடம்தான்.

"விண்டோஸ் படுத்துச்சுன்னா சி டிரைவத்தான் அழிப்போம். உங்க சாமான் பூரா டி டிரைவுல கெடக்கட்டும். டியில போட்டா போகாது. எங்க, ஒருக்கா நீங்க சொல்லுங்க பாப்போம்."

சொல்ல வைக்காமல் வாசல்படி இறங்கமாட்டார். ஊரில் பாதிப்பேர் கல்யாண ஃபோட்டோவையும் வீட்டுப் பத்திர நகலையும் டி டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் அதற்கு மசூதுதான் காரணம்.

சுல்தான் பீவியும் அந்தப் பாடத்தை ஒப்பித்தவள்தான். கணவர் ஷார்ஜாவில். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் போட்டு, ரவிக்கைக்கும் மணப்பெண் முக்காட்டுக்கும் பூவேலை செய்கிறாள். மற்றவர்கள் இண்டர்நெட்டில் கிடைக்கிற டிசைனை இறக்கிப் போடுவார்கள். இவள் ஒவ்வொரு பூவையும் தானே வரைவாள். எந்தப் பெண் முதலில் உடுத்துகிறாளோ அவள் பெயர்தான் அந்த டிசைனுக்கு. மிஸ்ரியா மாங்காய், ஷஹானா கொடி, குழல்வாய்மொழி மயில். இப்படி ஒன்பது வருடத்தில் அறுநூற்று நாற்பது.

இந்த வருடம் சாரல் மழை தொடங்கிய வாரத்தில் கரண்ட் கூடிக் குறைந்து அவளுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோனது. மசூது வந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு பென் டிரைவில் எடுத்தார். எடுத்து முடித்த கையோடு அந்த டிஸ்க்கும் கரகரவென்று கத்தி அடங்கிவிட்டது. இன்னொரு வீட்டில் உபயோகித்துக் கைமாற்றிய டெஸ்க்டாப் ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடுத்து, டிசைன் எல்லாவற்றையும் அதன் டி டிரைவில் கொட்டினார். "இனி ஒனக்குக் கவலையில்ல பீவி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவலை மறுநாளே வந்தது. மெஷினுக்கு டிசைன் அனுப்புகிற சாஃப்ட்வேர் பழையது. விண்டோஸ் எக்ஸ்பி இல்லாமல் அது வாய் திறக்காது. புது கம்ப்யூட்டரில் இருப்பதோ விண்டோஸ் பத்து. அதை எடுத்துவிடலாம் என்றால் மகள் ஷிஃபாவின் காலேஜ் பாடத்துக்கு அது வேண்டும்.

"ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியுமாண்ணே?"

"ஏன் முடியாது? ஒரு அடுப்படியில ரெண்டு அடுப்பு இல்லையா? ஸ்விட்சப் போட்டதும் எந்த அடுப்புன்னு கேக்கும். வேண்டியத அமுக்கு."

பேச்சென்னவோ தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விண்டோஸை அழித்துவிட்டு இன்னொன்றைப் போடுவதுதான் இத்தனை வருடமும் அவர் பார்த்த வேலை. புதியது இருக்கும்போதே பழையதைப் பக்கத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணன் தம்பிக்குப் பங்கு பிரிப்பதுபோல டி டிரைவைச் சரிபாதியாகப் பிரித்தார். டிசைன் இருந்த பாதி டி. காலிப் பாதி இ. இரண்டுக்கும் தனிப் பெயர் எதுவும் வைக்கவில்லை. இ டிரைவில் எக்ஸ்பி என்று மனதில் குறித்துக்கொண்டு சிடியைப் போட்டார். நீலத்திரை வந்தது. அதில் சி, டி, இ, எஃப் என்று நாலு வரி. மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நாலாவது எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் அப்போது யாரோ ஒரு கத்துக்குட்டி செங்கோட்டையில் ஒரு வக்கீலின் ஃபைல்களைத் தொலைத்த கதையைச் சுல்தான் பீவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே 'இ'யைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் கொடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் எக்ஸ்பி எழுந்தது. சாஃப்ட்வேரும் ஏறியது. மெஷின் ஊசி ஒரு தடவை டக்கென்று அசைந்து காட்டியதும் சுல்தான் பீவிக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"ஷஹானா கொடியத் தொறங்கண்ணே. ஒரு முக்காடு பாதியில நிக்குது."

மசூது டி டிரைவைத் திறந்தார். உள்ளே விண்டோஸ் பத்து இருந்தது. இதென்ன கூத்து என்று எஃப் டிரைவைத் திறந்தார். வெறும் காலி. இ டிரைவைத் திறந்தார். இப்போது போட்ட எக்ஸ்பி மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. புது விண்டோஸ் தன் உபயோகத்துக்கு எழுத்தே கொடுக்காமல் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது. எக்ஸ்பி அதையும் எண்ணி, அதற்கு சி என்று பெயர் வைத்துவிட்டது. அதனால் எல்லாமே ஒரு எழுத்து தள்ளிப் போய்விட்டன. சி, டி ஆகிவிட்டது. டிசைன் இருந்த டி, இ ஆகிவிட்டது. யா ரப்பே! எழுத்தை மட்டுமே பார்த்து இருபத்திரண்டு வருடம் பிழைத்த மனுஷன் எழுத்தைப் பார்த்தே அழித்திருக்கிறார்.

மசூது மௌசை விட்டுக் கையை எடுத்தார். 'ஹார்டு டிஸ்க் போச்சும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெக்கானிக் சொன்னால் மறுத்துப் பேச யாரால் முடியும்? அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைத் துப்பாமல் விழுங்கினாரே, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்தான்.

"பீவி, நான் அழிச்சிட்டேம்மா."

"எதண்ணே?"

"உன் டிசைன் பூராத்தையும்."

அவளுக்கு விளங்கவில்லை. சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. "அது டியிலல்லா இருக்கு?"

"டியத்தான் அழிச்சிட்டேன்."

"டியில போட்டா போகாதுன்னீகளே."

மசூதுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வர, நாற்காலியை விட்டு எழுந்தார். "அந்தப் பென் டிரைவு! அத எடும்மா, அதுல பூராவும் இருக்கும்."

"அதுல ஷிஃபா பாடம் இருக்கு. நாந்தான் அழிச்சுக் குடுத்தேன். டியில இருந்தாப் போதும், ரெண்டு எடத்துல எதுக்குன்னு... நீங்க சொன்னத நம்பித்தானண்ணே."

மசூது அந்தப் பென் டிரைவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டிஸ்க்கைக் கழற்றி, இரண்டையும் எடுத்துப்போய் மூன்று நாள் போராடினார். தெரிந்த சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுத் தோண்டினார். டிசைன்கள் சின்னச் சின்ன ஃபைல்கள், டிஸ்க்கில் முதலில் எழுதியவை. எக்ஸ்பி வந்து சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. பென் டிரைவில் பாடத்துக்கு மேல் பாடம் ஏறியிருந்தது. உருப்படியாகத் திறந்தவை இருபத்தேழு. ஷஹானா கொடியில் பாதிக்குமேல் கிறுக்கல்.

நாலாம் நாள் சாரலில் நனைந்துகொண்டே அவள் வீட்டுக்குப் போய் அந்த எண்ணைச் சொன்னார்.

சுல்தான் பீவி குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ஒம்பது வருசம்ணே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ள மொகம் தெரியும் எனக்கு. எவளாவது திரும்பி வந்து, என் பேருல உள்ள பூவ என் மகளுக்கும் போட்டுக் குடுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

மசூதுக்கு அவள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. அழுது முடித்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"இந்தப் பாடத்த இன்னும் எத்தன பேருக்குச் சொல்லியிருக்கீக?"

மூன்று நாளாக மசூது தன் கைப்பிழையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் நகல் இல்லாமல் டியை மட்டும் நம்பி இருக்கும் வீடுகள் அப்போதுதான் வரிசையாகக் கண்முன் வந்தன.

"போனப் போடுங்க" என்றாள் அவள். "இங்கன வச்சே போடுங்க."

முதலில் இலஞ்சி முத்துக்குமாரசாமி. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், மசூதின் பழைய வாடிக்கை. மசூது ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, மசூது பேசுதேன். டியில போட்டா போகாதுன்னு நான் சொன்னது தப்பு. இன்னைக்கே வேற டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "ஓய், என்னைய சோதிக்கீரா? பாடம் மறந்துட்டானான்னு பாக்கீரு. மறக்கல வே. டியில போட்டா போகாது. போதுமா?"

"இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன். என் கையாலயே..."

"உம்ம கை பட்டு என்னைக்காவது ஒண்ணு போயிருக்கா? சும்மா கெடயும் வே. சாரல் அடிக்கி, குளுகுளுன்னு இருக்கு, ஒரு சாயா குடிச்சிட்டு வேலையப் பாரும்."

மசூது எத்தனை சொல்லியும் அந்த மனுஷன் சிரிப்பதை நிறுத்தவில்லை. சொல்லச் சொல்லச் சிரிப்புத்தான் கூடியது. சுல்தான் பீவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நான் தென்காசி எம்ப்ராய்டரி சுல்தான் பீவி. என்னோடது போச்சு. அறுநூறு டிசைனுக்கு மேல. இவுக கையாலதான் போச்சு. இவுக சொல்லுதது நெசம், நம்புங்க."

சிரிப்பு நின்றது.

"ஏம்மா" என்றது குரல், இப்போது வேறு மாதிரி. "எங்க வீட்டுக்காரி லோகநாயகி போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சு. அவ பாடுன பாட்டு பூரா அதுலதான் கெடக்கு. வேற எங்கயும் இல்லையே."

"தொடாதீக. அண்ணன் இன்னைக்கே வருவாக."

போனை மசூதிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த நம்பரப் போடுங்க" என்றாள். "நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாக. நானே பேசுதேன்."