செம்புராங்கல்லில் வடிந்த தண்ணீர்

எங்கள் ஊர் திருக்கடையூருக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். வாய்க்கால் காய்ந்துபோகும் மாசி மாதத்தில் நல்ல தண்ணீர் என்று இருப்பது எங்கள் கொல்லையை ஒட்டிய குட்டை ஒன்றுதான். என் மனைவி அதிலிருந்து பூவாளியில் மொண்டு கத்தரி நாற்றுக்கு ஊற்றுவாள். ஊரில் பாதி வீடுகளில் காய்க்கும் கத்தரி அவள் கொடுத்த நாற்று.

இரண்டு வருடமாக நாற்று தேறவில்லை. குருத்து மஞ்சளாக வெளுத்தது. புது இலைகள் ஒடுங்கி, சுருண்டு வந்தன. காரணம் எல்லோருக்கும் தெரியும். அறுவடைக்குப் பிறகு வரப்புக்கும் தரிசுக்கும் களைக்கொல்லி அடிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் ஸ்ப்ரேயரைக் குட்டையில் கழுவுகிறார்கள். கழுவாதீர்கள் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நாங்கள் வீட்டுக்குள் போனதும் கழுவுவார்கள். தண்ணீர் வற்ற வற்ற மருந்து கெட்டிப்படும்.

மூன்றாவது வருடம் விதை எடுக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவையும் சுருண்டுச்சுன்னா நான் சிங்கப்பூர்ல புள்ளகிட்ட போயிடுறேன். கொல்லையும் இல்லாம இங்க என்ன பண்றது? நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன். எனக்கு அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் சகலை வந்தார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். வல்லத்துக்குத் தெற்கே மேட்டுக்காட்டில் செம்புராங்கல் வெட்டும் குவாரி ஒன்றில் மேஸ்திரி. நெல் விளையாத செம்மண் ஊர் என்று எங்கள் பக்கத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன், அவர் எதிரிலேயே. அவர் சிரித்துக்கொண்டு இன்னொரு தோசை கேட்பார்.

நாற்றுக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான். அவருடைய முந்திரிக்கொல்லையில் ஒரு மழை நாளில், செம்மண் கலங்கிய பள்ளத்துத் தண்ணீரில் இதே களைக்கொல்லியைக் கலந்து அடித்திருக்கிறார். ஒரு புல்லும் சாகவில்லை. கடைக்காரர் கலங்கல் தண்ணீரில் கலந்தது தப்பு என்றாராம்.

“நான் அத யோசிச்சிக்கிட்டே இருந்தேன் சகலை. மருந்து புல்லுக்குப் போகல. அப்ப எங்க போச்சு? மண்ணுதான புடிச்சி வச்சிக்கிட்டிருக்கணும்? அந்த மண்ண வச்சே உங்க குட்டையில இருக்கறதப் புடிச்சா என்ன?”

மண் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாவிடமும் கேட்டிருக்கிறார். எல்லா மருந்துக்கும் இது ஒத்துவராது, ஆனால் இந்த வகை மருந்து களிமண்ணிலும் செம்புராங்கல்லில் இருக்கும் இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொள்ளும் என்று அந்த அம்மா சொன்னாராம்.

நான் செய்தித்தாளில் இருபது வருடம் வேலை பார்த்தவன். வாரம் ஒருநாள் விவசாயப் பக்கம் என் பொறுப்பு. ‘களைக்கொல்லியைக் கலங்கல் நீரில் கலக்கக் கூடாது, தெளிந்த நீரையே பயன்படுத்த வேண்டும்’ என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஏன் என்று ஒருமுறைகூட யாரிடமும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். கேட்டவர் கல் வெட்டுகிறவர். அன்று சாப்பிடும்போது, என் மனைவி அவருக்கு மீன் குழம்பை இரண்டாம் முறை ஊற்றியதையும் எனக்கு ஊற்றாததையும் கவனித்தேன். நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்த வாரம் நான்கு மூட்டைக் கல்லோடு வந்தார். வேர்க்கடலை அளவுக்கு உடைத்து, சலித்து, சிவப்புச் சாயம் போகும்வரை கழுவி, இரண்டு டிரம்மில் நிரப்பினார். குட்டைத் தண்ணீர் மேல் டிரம்மில் விழுந்து, கீழ் டிரம்முக்கு வடிந்து, குழாயில் நூலாக வந்தது. அக்கம்பக்கத்தினர் வந்து பார்த்தார்கள். முன்பெல்லாம் என்னைப் பார்க்க வருகிறவர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. “மருந்து புடிச்ச கல்ல எங்க கொட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் வழி தெரியல. நீங்க நாலும் எழுதுனவங்க, நீங்கதான் சொல்லணும்,” என்றார். குத்தலா, மரியாதையா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மரியாதைதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

கத்தரி விதையைப் போடுமுன் பயறு முளைக்கவிட்டுச் சோதிப்பது என்று முடிவாயிற்று. மூன்று குழித்தட்டுகள், குழிக்கு ஒரு பயறு. ஒன்றுக்குக் குட்டைத் தண்ணீர், ஒன்றுக்கு வடித்த தண்ணீர், ஒன்றுக்குக் கேனில் வாங்கிய தண்ணீர். சகலை ஊருக்குப் போய்விட்டார். தண்ணீர் ஊற்றிக் குறித்துவைக்கும் வேலையை மனைவி எனக்குக் கொடுத்தாள். “உங்களுக்குத்தான் அளவு தப்பாது,” என்றாள்.

எட்டாம் நாள் குட்டைத் தட்டில் குருத்து வெளுக்க ஆரம்பித்தது. மற்ற இரண்டும் பச்சையாக, ஒரே உயரத்தில் நின்றன. அவள் அலைபேசியில் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். பிறகு பேசியபோது இப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது: “ஒம் புருஷனுக்கு இருக்கற மூளையில கால்வாசி இங்க இருந்தா நான் ஏன் ரெண்டு வருஷம் அழுவறேன்?”

மறுநாள் காலை வடித்த தண்ணீர்த் தட்டின் ஓர் ஓரத்தில் ஒரு குவளை குட்டைத் தண்ணீரை ஊற்றினேன். அதற்கு அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். மூன்று நாளும் அளவு தப்பவில்லை. பயிர் பிழைத்தால்தான் அவள் இங்கே இருப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பயறு சாக வேண்டும் என்று விரும்பினேன்.

அந்த வார முடிவில் அந்த ஓரம் வெளுத்தது. அவள் தட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தாள். பிறகு சகலைக்குப் போன் செய்து சொன்னாள்.

அவர் மறுநாளே வந்தார். தட்டின் முன் குந்தி உட்கார்ந்தார். ஒரே ஒரு வரிசைதான் வெளுத்திருந்தது. பக்கத்து வரிசை பச்சை. கல் வேலை செய்யவில்லை என்றால் தட்டு முழுக்க வெளுக்க வேண்டும், ஓரம் மட்டும் வெளுக்காது. அவர் விரலால் அந்த வரிசையை ஒருமுறை தடவினார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“கல்லு பெருசாப் போச்சுங்க அக்கா. இன்னும் பொடியா இடிச்சிட்டு வரேன். டிக்கெட் கிக்கெட் போட்டுறாதீங்க,” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பைக்கை எடுத்தார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதிலும் என்னை முந்திவிட்டார். அன்று முழுக்க அதே நினைப்பு. சாயங்காலம் அவள் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்: “கல்லுல தப்பில்ல. நான்தான் குட்டைத் தண்ணியை ஊத்துனேன். மூணு நாள்.”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“மொதல்ல அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க,” என்றாள். “பாவம், கல்லை இடிச்சிக்கிட்டிருப்பாரு.”

அவள் எதிரிலேயே போன் செய்தேன். இடித்துக்கொண்டுதான் இருந்தார். பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது. நான் சொன்னதைக் கேட்டு அந்தச் சத்தம் நின்றது.

“சரி சகலை. ஒரு மூட்டை இடிச்சிட்டேன். கெடக்கட்டும், அடுத்த தடவை கல்லு மாத்தறதுக்கு ஆவும்,” என்றார்.

அவள் அந்த வெள்ளிக்கிழமை கத்தரி விதைத்தாள். வடித்த தண்ணீரை ஊற்றியது அவள்தான். குவளையை என்னிடம் தரவில்லை. நாற்று நிமிர்ந்து வந்தது. பாஸ்போர்ட் மறுபடி பீரோவுக்குப் போனது, ஆனால் மேல் தட்டில், கைக்கு எட்டுகிற இடத்தில். இப்போது பக்கத்து ஊரிலிருந்தும் டிரம்மைப் பார்க்க வருகிறார்கள். வல்லத்துக்காரர் எப்போது வருவார் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். தேதி சொல்கிறேன்.