ஆணிக்கடையம்மாவின் பயம்

பயம் என்றால் என்னவென்று ஆணிக்கடையம்மாவுக்கு ஐம்பது வயதுவரை சரியாகத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பூனைக்குட்டி அளவுக்கு ஓர் எலி பாய்ந்தபோது ஸ்டூல் மேல் ஏறி நின்றவர் அவள் புருஷன், கடைக்காரர்தான். துடைப்பத்தைத் தூக்கியவள் அவள். வாங்கிய சாமானைத் திருப்பிக்கொண்டு வந்து சத்தம் போடுகிறவர்களிடமும் அவளே பேசுவாள். அவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று உள்ளே போய்விடுவார்.

கடை ஒன்றும் பெரிசில்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பெயிண்ட் என்று கூரைவரை சாமான். குழாய் வேலைக்காரர்களும் எலக்ட்ரீஷியன்களும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் இங்கே நின்று நாலு வார்த்தை வம்பளந்துவிட்டுத்தான் போவார்கள். அந்த எலக்ட்ரீஷியன்களில் ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

தெருமுனையில் பூட்டிக்கிடந்த தொழிற்சாலையை இடித்துவிட்டு, இதே சாமான்களை விற்கிற ஒரு பெரிய கடையைக் கட்டினார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற கம்பெனி. உள்ளே குளுகுளுவென்று இருக்குமாம். யாரையும் எதையும் எடுத்துத் தரச் சொல்ல வேண்டாமாம், நாமே எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்ளலாமாம். "புதுசுல அப்படித்தான் கூட்டம் இருக்கும். வேடிக்கை பார்த்துட்டு வந்துருவாங்க" என்றாள் அவள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தக் கடைப் பையோடு இவர்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும், அவசரமாகப் போன் வந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதற்குக்கூட அவள் கலங்கவில்லை. அவளுக்கு முதன்முதலாகப் பயம் காட்டியது பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு நடந்ததுதான். பெரிய கடையில் சைக்கிளும் வந்த பிறகு, ஒருநாள் காலை அவர் வழக்கம்போல் கடையைத் திறந்தார், வாசலைக் கூட்டினார், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நடந்து போய்விட்டார். சாயங்காலம்வரை கடை திறந்தபடி கிடந்தது. எங்கோ ஓர் ஊர் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டுபிடித்தபோது, பேர் கேட்டதற்கே கொஞ்சம் யோசித்தாராம்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் புருஷனுக்குப் பேச்சு குறைந்துபோனது. சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மத்தியானம் ஆனால் துணிப்பையை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார்.

"எங்க போனீங்க?"

"சும்மா நடந்துட்டு வந்தேன்."

நடந்துட்டு வந்தேன் என்ற அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கும்.

ஒருநாள் தம்பி வந்து தயங்கித் தயங்கி நின்றான். "அக்கா, சொல்லலாமா வேணாமான்னு இருக்கு. முன்னாடி ஒருநாள் மாமாவப் பார்த்தேன். பெரிய கடைக்கு எதிர்ல நின்னு அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. கூப்பிட்டேன், காதுல விழல."

"என்னடா பண்ணாரு?"

"ஒண்ணுமே பண்ணலக்கா. அதான் பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் அவர் கிளம்பிப் போனதும், அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. முன் வரிசையில் இருந்த தின்னர் டப்பாவைக் காணோம். பெயிண்டைக் கரைக்கிற தின்னர். நெருப்பைக் காட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். காலையிலிருந்து ஒரு ஈ காக்கா கடைக்குள் வரவில்லை. அப்படியென்றால் யார் எடுத்தது? அவர் போகும்போது பை கனமாக இருந்ததா? கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடினாள். அடுப்படியில் தீப்பெட்டி வைக்கிற இடத்தில் தீப்பெட்டி இல்லை.

அவ்வளவுதான். ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள். எலிக்குப் பயந்த மனுஷன், தீயைக் கையில் எடுப்பாரா? வாயில்லாப் பூச்சி எந்த நேரம் என்ன செய்யும் என்று யார் கண்டது? உள்ளே எத்தனை பேர் இருப்பார்களோ, எத்தனை குழந்தைகளோ!

பெரிய கடை வாசலில் காவலாளி மறித்தார். "பை இருந்தா இங்க வைங்கம்மா."

"பையும் இல்ல ஒண்ணும் இல்ல, விடுப்பா!"

உள்ளே காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. அவள் அந்தக் காற்றை மோப்பம் பிடித்தாள். புகை வாடை இல்லை. இன்னும் இல்லை. வரிசை வரிசையாகப் பூட்டு, விளக்கு, குழாய், எல்லாம் அவள் கடையில் இருப்பவைதான், ஆனால் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வந்தவர்கள்போல் பளபளவென்று நின்றன. மூலைக்கு மூலை எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். பெயிண்ட் பகுதியை நெருங்கியபோது அவர் குரல் கேட்டது.

"சுவர் ஈரமா இருக்குன்னா இது நிக்காது சார். முதல்ல ஈரத்த நிறுத்துங்க."

நீல பனியன் போட்ட ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகில் கம்பெனி பேர். அவர் திரும்பியபோதுதான் அது தன் புருஷன் என்று அவளுக்குப் புரிந்தது.

"நீ... நீ எப்படி இங்க?"

"தின்னர் எங்கங்க?"

"என்னது?"

"தின்னர் டப்பா! எங்க வச்சிருக்கீங்க, சொல்லுங்க!"

"குழாய்க்காரர் போன்ல கேட்டாரு, பீடிக்குத் தீப்பெட்டியும் எடுத்துட்டு வரச் சொன்னாரு. வர்ற வழியில கொடுத்துட்டு வந்தேன். ஏன், என்ன ஆச்சு?"

அவள் அங்கிருந்த பெயிண்ட் வாளி ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரோ ஒரு வாடிக்கையாளர், "அம்மா, நீங்க உக்கார்ந்திருக்கிறது என்ன கலர்?" என்று கேட்டார்.

வேடிக்கை பார்த்தவர்கள் விலகியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "வேலைக்குச் சேர்ந்துட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல. முதல்ல உள்ள வரவே கால் வரல, எதிர்ல நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிடுவேன்."

"நம்ம கடை இருக்கும்போது ஏங்க?"

"ஆள் வராத கடைல உக்கார்ந்து தெருவையே பார்த்துக்கிட்டிருந்தா, சைக்கிள் கடைக்காரர் ஞாபகம் வருது. என் கால் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. அது பாட்டுக்கு எங்கயாவது நடந்துருமோன்னு பயம்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் இன்னும் எதையோ மென்று விழுங்குவது தெரிந்தது.

"இன்னொண்ணும் இருக்கு. நம்மகிட்ட வர்ற குழாய்க்காரங்க, எலக்ட்ரீஷியனுங்க எல்லாரையும் இங்க கூட்டிட்டு வரணுமாம். அப்பதான் வேலை நிரந்தரம்னு மேனேஜர் சொல்றாரு."

போன பயம் வேறு முகத்தோடு திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. "யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா?"

"இன்னும் இல்ல."

வாளியைவிட்டு எழுந்து நின்று சொன்னாள். "வேலைக்கு வாங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்களா வந்தா வரட்டும், நீங்க கையப் பிடிச்சு இழுத்துட்டு வராதீங்க. நான் அங்க உக்கார்ந்திருக்கேன்ல?"

அவர் அப்படியே மேனேஜரிடம் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது என்று பிறகு ஒப்புக்கொண்டார். மேனேஜர் போகச் சொல்லவும் இல்லை, நிரந்தரம் பண்ணவும் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஆணிக்கடையில் பாதியைச் செல்போன் ரிப்பேர்க்காரருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. தம்பி தினமும் வருகிறான். மற்றவர்களில் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. அவர் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் அவள் கண் தெருவுக்குப் போய்விடும். வேலை போய்விட்டதா, இல்லை கால் வேறு எங்காவது போய்விட்டதா?

வாரம் ஒருமுறை அந்த நீல பனியனைத் துவைக்கிறாள். காலரில் அழுக்குப் போக நன்றாகவே கசக்கிப் பிழிகிறாள். ஆனால் வாசல் கொடியில் போடுவதில்லை. தெருவின் கண்ணில் படாமல், படுக்கையறைக்குள் கயிறு கட்டி, முதுகு எழுத்து சுவரைப் பார்க்கும்படித் திருப்பிக் காயப்போடுகிறாள்.