மாப்பிள்ளை நிறுத்திவிட்டுப் போன வண்டி

என் அத்தையின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். புதியதல்ல, எங்களுக்கு முன்பே மூன்று பேரிடம் உழைத்து ஓய்ந்தது. அப்பா அதற்குப் பெயின்ட் அடித்துப் பந்தல் முன்னால் நிறுத்தினார். பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்கியது. அதன்பின் வண்டி எங்கே நின்றுபோனாலும், கடத்தூரில் மாமா அத்தையைப் பார்த்து, "உங்கண்ணன் குடுத்த வண்டியாச்சே, நிக்காம என்னா பண்ணும்?" என்பாராம். ஆகவே அந்த வண்டியின் உடல்நிலையை எங்கள் வீட்டில் அத்தையின் உடல்நிலைக்குச் சமமாக விசாரிப்பார்கள்.

தலைப்பிரசவத்துக்காக அத்தை மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமா பெங்களூரில் ஏதோ கட்டட வேலை மேற்பார்வைக்குப் போகவேண்டியிருந்தது. கடத்தூரில் விட்டால் தம்பி எடுத்து ஓட்டிவிடுவான் என்று வண்டியையும் எங்கள் வீட்டிலேயே நிறுத்தினார்.

"நீங்க குடுத்ததுதானே மச்சான், அவசரம்னா எடுத்து ஓட்டுங்க" என்றார்.

"ஐயோ, தொடவே மாட்டோங்க மாப்ள" என்றார் அப்பா.

இரண்டு பேருமே மரியாதைக்குச் சொன்னார்கள். அப்பா மட்டும் அதை மறந்துவிட்டார். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பாலக்கோடு போகவேண்டிய அன்று பஸ் வரவில்லை. மாப்பிள்ளைதான் சொல்லியிருக்கிறாரே என்று கிக்கரை உதைத்தார். பெட்ரோல் வாசனை வந்தது. இன்னும் பலமாக உதைத்தார். வாசனை இன்னும் பலமாக வந்தது. வேறொன்றும் வரவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. எது கெட்டுப்போனாலும் நாங்கள் தொட்டதால்தான் கெட்டது என்று முதலில் நாங்களே ஒப்புக்கொண்டுவிடுவோம். அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒதைச்சு ஒதைச்சு நாந்தான் கெடுத்துட்டேன் போல" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை வந்து மூவரையும் அழைத்துப்போவதாக மாமா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மூன்றாவது ஆள் வண்டி.

அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, அவுரு புள்ளைய ஒரு தரம் தூக்கிப் பாத்துட்டு எங்கிட்டக் குடுத்துருவாரு. வண்டியத்தான் சுத்திச் சுத்திப் பாப்பாரு. அது ஓடலைன்னு வெச்சுக்க, இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. கேக்கறது நானு."

மெக்கானிக்கைக் கூப்பிட வழியில்லை. எங்கள் ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் மாமாவின் பங்காளி. நாங்கள் ஸ்பேனர் கடன் கேட்டாலே கடத்தூருக்குச் சேதி போய்விடும். எனவே அந்த வேலை எனக்கு வந்தது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அறிவியல் புத்தகத்தில் எஞ்சின் படம் இருந்தது. பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். புத்தகத்து எஞ்சினில் அழுக்கு கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அப்பா பால் சொசைட்டியில் வேலை பார்த்தார். கேனைத் திறக்கும்போதே, கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆனால் இரும்பைக் கண்டால் பயம். நான் திருகுவேன், அவர் பக்கத்தில் குத்தவைத்து, "பாத்து, பாத்து" என்பார். எதைப் பார்க்கவேண்டும் என்று கடைசிவரை சொல்லவில்லை.

பிளக்கைக் கழற்றினோம். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டினோம், பலனில்லை. "பெட்ரோல் எங்கிருந்து வருதோ அங்க பாரு" என்றார் அப்பா. அது அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திருகினேன். அது கைநழுவி மண்ணில் விழுந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு மேலே பார்த்தால், நடுவில் மரை வெட்டிய ஒரு துளை வெறுமையாக இருந்தது. ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கவேண்டும் என்பது எனக்கே தெரிந்தது.

"அங்க இருந்தது எங்க பாப்பா?"

"விழுந்துருச்சுப்பா. 'டிங்'குன்னு சத்தம் கேட்டுச்சு."

கேட்டது. சத்தியமாகக் கேட்டது. எந்தப் பக்கம் உருண்டது என்றுகூடக் கையைக் காட்டினேன்.

முற்றத்து மண்ணை மாவுச் சல்லடையில் சலித்தோம். அம்மா வந்து, "ஏண்டி, நாளைக்கு அதுலதான் மாவு சலிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அத்தை, "என்னாண்ணா சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, தொடைக்கிறோம்" என்றார் அப்பா. சல்லடையில் இரண்டு ஊக்கும் ஒரு பாசிமணியும் கிடைத்தன. மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த சிவப்புக் கோழியை அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

மறுநாள் கார்புரேட்டரைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஓசூருக்குப் பஸ் ஏறினோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஜெட்டு எங்கீங்க?" என்றார்.

"அதாங்க வேணும். வுழுந்துருச்சு."

"இது தானா வுழாதுங்களே. ஸ்க்ரூ டிரைவர் வெச்சுத் திருகினாத்தான் வரும்."

"எம் பொண்ணு கை வெச்சா எல்லாம் வுழுமுங்க" என்றார் அப்பா. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

ஜெட் என்பது சுண்டைக்காயைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை; அதன் வழியாகத்தான் பெட்ரோல் அளவாகப் போகவேண்டும். புதுசு, தங்கத் தோடு மாதிரி மின்னியது. அப்பாவுக்குப் புதுக் கவலை பிடித்தது. "மாப்ள தொறந்து பாத்தா?"

ஊரெல்லாம் பித்தளையைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இருவரும் அதை அழுக்காக்க அடுப்புக்கரி தேய்த்தோம். நன்றாகவே கறுத்தது. மாட்டி உதைத்தால், இப்போது பெட்ரோல் வாசனைகூட வரவில்லை. கரி ஓட்டையை அடைத்துவிட்டது. அப்பா ஊதினார், உதடு கறுத்தது. நான் ஊதினேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் குழந்தை அழும்போதெல்லாம் நாங்கள் இருவரும் முதலில் எழுந்து உட்கார்ந்தோம்.

காலையில் சைக்கிள் பம்பின் வாயில் ஜெட்டைப் பிடித்துக்கொண்டு அடித்தோம். கரி பறந்தது, கூடவே எங்கள் மேக்கப்பும் பறந்து, ஜெட் மறுபடி மின்னியது. திரும்பக் கரி தேய்க்கத் தைரியமில்லை. மாட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். வண்டி ஊரே கேட்கும்படி முழங்கியது. அவர் சட்டென்று அணைத்துவிட்டு, தெருவில் யாராவது பார்த்தார்களா என்று எட்டிப்பார்த்தார்.

மாமா வந்தார். அத்தை சொன்னபடியே குழந்தையைத் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளை விருந்துக்குச் சிவப்புக் கோழியைத்தான் அடித்தார்கள். அது அப்பாவின் தேர்வு. அம்மா இரைப்பையைக் கீறியபோது பக்கத்தில் நின்று பார்த்தார். கல்தான் இருந்தது.

மாமா கை கழுவியதும், "வண்டிய ஒரு தரம் தொடச்சுக்கறேன் மச்சான், நீங்க உக்காருங்க" என்று தனியாக முற்றத்துக்குப் போனார். அப்பா உட்காரவில்லை. நாங்கள் இருவரும் சன்னல் ஓரமாக நின்றோம்.

மாமா வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்தார். தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு மேலே, பழுப்பேறிய ஒரு பித்தளைத் துண்டு.

அப்பா என் தோளைப் பிடித்தார்.

மாமா கிண்ணத்தைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார். அங்கே எங்கள் ஜெட் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். தீப்பெட்டியைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். அப்பாவால் அடக்க முடியவில்லை, வெளியே போய்விட்டார்.

"என்னாங்க மாப்ள?"

தீப்பெட்டி பைக்குள் போய்விட்டது. "ஒண்ணுமில்லீங்க மச்சான். தண்ணி கிண்ணி எறங்கிருக்கான்னு பாத்தேன்."

"பாருங்க, பாருங்க."

மாமா கிண்ணத்தை மாட்டினார். வெகுநேரம் எடுத்துக்கொண்டு மாட்டினார். வண்டியைத் திறந்தீர்களா என்று மாமா கேட்டால், ஜெட்டைக் கழற்றிக்கொண்டு போனது யார் என்று அப்பா கேட்கவேண்டிவரும். பிறகு எழுந்து ஒரே உதை, வண்டி பிடித்துக்கொண்டது.

"சும்மா சொல்லக்கூடாது மச்சான், நல்லா வெச்சிருக்கீங்க."

"நாங்க தொடவே இல்லீங்க மாப்ள" என்றார் அப்பா.

மாமா வண்டியில் கிளம்ப, குழந்தையோடு வாடகைக் காரில் ஏறும்போது அத்தை என் காதில், "உங்க மாமா வண்டியப் பத்தி ஒண்ணுமே சொல்லலடி. எனக்குப் பயமா இருக்குது" என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதற்கப்புறம் அவள் வாழ்நாளில் "உங்கண்ணன் குடுத்த வண்டி" என்ற பேச்சு வரவேயில்லை.

கார் தெருமுனை திரும்பியதும் அப்பா முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். சலித்துக் குவித்த மண் அப்படியே கிடந்தது.

"ஏன் பாப்பா, அப்ப நீ கேட்ட அந்த 'டிங்'கு?"

"கேட்டுச்சுப்பா" என்றேன்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எந்தப் பக்கம் உருண்டது என்றுகூடக் காட்டுவேன்.