ஹாலில் எண்ணிய தக்காளிப் புட்டிகள்

செகந்தராபாத் தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூட வேலையிலிருந்து சௌந்தரராஜன் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. அது முழுசாகச் சமையலறைக்கு மாறிவிட்டது.

பிப்ரவரியில் போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மலியும்போது ஒரு பெட்டி வாங்கிவருவார். தோலுரித்து, காய்ச்சி, எலுமிச்சைச் சாறு சேர்த்து, கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி மூடி, புட்டியோடு வெந்நீரில் கொதிக்கவிடுவது கல்யாணமான வருடத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம். மனைவி சகுந்தலாவுக்கும் மகள் ஹம்ஸினிக்கும் தோலுரிக்க மட்டும் அனுமதி. கையில் தெர்மாமீட்டரோடு நிற்பவர், அடுப்புப் பக்கம் யார் வந்தாலும் விரட்டுவார்.

ஆறும்போது மூடி 'டிக்' என்று உள்வாங்கினால் காற்றுப் புகாமல் அடைபட்டது என்று அர்த்தம். வருடா வருடம் நான்கைந்து புட்டிகள் 'டிக்' என்றே சொல்லாது. "அதெல்லாம் கண்ட்ரோல் சாம்பிள், ஒப்பிட்டுப் பார்க்க வேணும்" என்பார், முகம் மாறாமல். அடைபடாததைத் தீர்க்க அந்த வாரம் முழுக்க வீட்டில் தக்காளி ரசம், தக்காளித் தொக்கு, தக்காளி சாதம்.

இந்த வருடம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். ஆவியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசம் புட்டி போட்டுக்கலாம்" என்றார் சௌந்தரராஜன்.

செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த சகுந்தலா, "நக்கோ, வேணாம். அதுக்குள்ள நல்ல தக்காளி போயிடும். நாங்க போடறோம், நீங்க ஹால்ல உட்காருங்க" என்றார்.

ஹம்ஸினி மாதாப்பூர் ஆபீஸுக்கு லீவு போட்டாள். கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்தவர் விடவில்லை.

"டெம்பரேச்சர் எவ்வளவு?"

"தளதளன்னு கொதிக்குதுப்பா."

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"உங்களுக்குப் பதில் சொல்லியே முக்கால் மணி ஆயிடுச்சு" என்றார் சகுந்தலா.

இருபத்து நான்கு புட்டிகளும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக ஆறின. சௌந்தரராஜன் ஃபேனை அணைக்கச் சொல்லி, ஒவ்வொரு 'டிக்'கையும் விரல் விட்டு எண்ணினார். இருபத்து மூன்றோடு சத்தம் நின்றது.

"ஒண்ணு போச்சு!" என்றார். குரலில் வருத்தம் இல்லை.

ஹம்ஸினி மூடிகளை அழுத்திப் பார்த்தாள். "எல்லாம் ஓகேப்பா. நீங்க தும்மினப்போ ஒண்ணு டிக் அடிச்சுது."

அவரே எழுந்துவந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்றுகூட அசையவில்லை.

"இந்த வருஷத் தக்காளி நல்ல ரகம்."

"ஹவ், ஆமா, தக்காளிதான்" என்றார் சகுந்தலா.

கடைசிப் புட்டியை மறுபடி ஒருமுறை அழுத்தினார். பிறகு தணிந்த குரலில், "என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"மூடறதுக்கு முன்னாடி புட்டி விளிம்பைத் துடைச்சேன். சாறு ஒட்டியிருந்தா மூடி எப்படிப் பிடிக்கும்? முப்பது வருஷமா நீங்க துடைக்கிறதே இல்லை."

"சொல்லியிருக்கலாமே!"

"பக்கத்துல வர விட்டாத்தானே சொல்ல?"

அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கண் சரியானதும், விலை ஏறியிருந்தும், தானே போய் இன்னொரு பெட்டி வாங்கிவந்தார். அடுப்படி இப்போது சகுந்தலாவுடையது. இவர் மேஜையில் உட்கார்ந்து ஈரத்துணியால் விளிம்புகளைத் துடைத்தார். சகுந்தலா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.