இரண்டு ஊருக்கும் ஒத்தைப்பல்

ஐஸ் பேக்டரியில் கட்டி உடைக்கிற அந்த அக்காவை ஒரு தரம் பார்த்தால் மறக்க முடியாது. மரச்சுத்தியை ஓங்கி ஒரே போடு, கட்டி நான்காய்ப் பிளந்துவிடும். வாயும் அப்படித்தான். "என்னக்கா, கட்டி சின்னதா இருக்கே?" என்று எவனாவது கேட்டால், "உன் மீனு மட்டும் திமிங்கிலமாக்கும்?" என்பாள். புருஷன் உயிரோடு இருந்த வரைக்கும்.

அவள் பிறந்தது, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனைக்கு வடக்கே இருக்கிற ஊர். வாழ்க்கைப்பட்டது தெற்கே. இரண்டு ஊர்க் கடலிலும், கரையை விட்டுப் பிரிந்து, அலை தின்றது போக மிச்சமாய் ஒவ்வொரு பாறை தூண் மாதிரி தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒத்தைப்பல். எது அசல் என்று அடித்துக்கொள்வதில் இரண்டு ஊருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்! மீட்புப் படகு ஓட்டுகிற அவளுடைய அண்ணன், கல்யாணப் பேச்சின்போதே, "நல்ல பல்லு இருக்கிற ஊர்லேருந்து சொத்தைப்பல்லு ஊருக்குப் போறா என் தங்கச்சி" என்று மாப்பிள்ளையைச் சீண்டியவன்.

காற்று பேயாய் அடித்த ஒரு பகலில் புருஷனிடமிருந்து போன் வந்தது. "என்ஜின் நின்னுபோச்சு. ஒத்தைப்பல்லுக்கிட்ட இருக்கேன். தண்ணி ஏறுது, மச்சான வரச் சொல்லு." அத்தோடு லைன் போய்விட்டது. அவள் பதறி அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒத்தைப்பல்லுக்கிட்ட மாட்டிக்கிட்டாருண்ணே, ஓடுண்ணே!"

அவள் சொன்னது, சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தெற்குப் பாறையை. கூடப்பிறந்தவள் ஒத்தைப்பல் என்றால், சின்ன வயதில் இருவரும் பார்த்து வளர்ந்த பாறைதானே அண்ணனுக்கு! வடக்கே போய்ச் சுற்றிச் சுற்றித் தேடினான். தப்பு உறைத்து, தெற்கே திரும்பியபோது படகு பாறையடியில் பலகை பலகையாய் மிதந்தது. அவள் புருஷன் உடலை அலைதான் கரையில் கொண்டுவந்து போட்டது.

உடல் வீட்டில் கிடக்கும்போதே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். "அண்ணனும் தங்கச்சியும் சேந்து எம்புள்ளய முழுங்கிட்டாங்களே!" அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எந்தப் பல்லுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள், அண்ணனிடம்.

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

அதோடு பேச்சு அற்றுப்போனது.

அப்புறம் அவளுக்கு ஒரே பிடிவாதம். இரண்டில் ஒன்றின் பெயர் மாற வேண்டும், இன்னொருத்தி இப்படி நிற்கக் கூடாது. தெற்கூர் மீனவர் சங்கத்தில் கேட்டாள். "நாம ஏம்மா மாத்தணும்? காப்பியடிச்சது அவங்க." வடக்கூருக்கும் போனாள். "நீ இந்த ஊருப் பொண்ணு, நீயே இப்படிக் கேக்கலாமா?" என்றார் அங்கே தலைவர். அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவளுக்காக ஒரே ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்?

கடைசியில் பெயர் மாறத்தான் செய்தது. எந்தச் சங்கமும் மாற்றவில்லை, படகுக்காரர்களின் வாய்தான் மாற்றியது. எந்தப் பல் என்று கேட்டால், "அதான்யா, அவன் செத்தானே, அது" என்றார்கள். அது தேய்ந்து 'செத்தவன் பாறை' ஆயிற்று. ஐஸ் வாங்க வருகிறவர்கள் அவள் முன்னாலேயே, "செத்தவன் பாறைப் பக்கம் இன்னைக்கு நல்ல மீனு" என்று பேசிக்கொள்வார்கள். யாரும் குத்திக்காட்டவில்லை. மறந்தே போயிருந்தார்கள்.

போன மாதம் அதே இடத்தில் இன்னொரு படகு மாட்டியது. எல்லோரும் பிழைத்தார்கள். அதில் ஒருவன், வேலைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவன், ஐஸ் வாங்க வந்த இடத்தில் பூரித்துப்போய்ச் சொன்னான்:

"செத்தவன் பாறைன்னு போன்ல சொன்னோம்க்கா, மீட்புப் படகு டிரைவர் நேரா வந்துட்டாரு. ஆனா சரியான தொணதொணப்புக்கா அந்த ஆளு. 'எந்தப் பாறை, எந்தப் பாறை, தெற்குதானே'ன்னு கேட்டுக் கேட்டு உசுர வாங்கிட்டாரு!"

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை அவன் காலை மிதித்தார்.

"இருக்கட்டும், விடுங்க" என்றாள் அவள். "இப்பவாச்சும் கேக்குறானே."